பலவகை மீன்களும் ஆற்றடிக் கற்களும்

இறைவாக்கினர் எசேக்கியேல் கண்ட ஆற்றை நம்மில் பலர் அறிவோம். கோவில் வாயிற்படியின் கீழிருந்து புறப்படும் தண்ணீர் கணுக்காலளவு, முழங்காலளவு, இடுப்பளவு என உயர்ந்து, நீந்தித்தான் கடக்க முடியும் என்ற அளவுக்குப் பெருகுகிறது. தவக்காலம் நான்காம் வாரச் செவ்வாயன்றும், நவம்பர் 9 அன்று இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழாவிலும் இப்பகுதி திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. ஆனால் இந்த இரு நாள்களிலும் 10, 11 ஆகிய வசனங்கள் வாசகத்தில் இடம்பெறுவதில்லை. வீட்டில் விவிலியத்தைத் திறந்து பார்த்தால்தான் அவை கண்ணில் படும். அங்கே மீனவர்கள் கரையில் நிற்கிறார்கள், வலைகள் காய்கின்றன, பெருங்கடலில் இருப்பது போலப் பலவகை மீன்கள் அந்த நீரில் இருக்கின்றன. அடுத்த வசனமோ சேற்று நிலங்களும் சதுப்பு நிலங்களும் நலம் பெறுவதில்லை என்றும், அவை உப்புக்கென விடப்படும் என்றும் கூறுகிறது.

மீன் மிகுதியாக இருக்கும் என்பதோடு இறைவாக்கினர் நிறுத்திக்கொள்ளவில்லை, பலவகை மீன்கள் இருக்கும் என்கிறார். ஒரே தண்ணீர் பாய்ந்தாலும் எல்லாத் தரையும் ஒன்றுபோல் ஆவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அவரை உயிரியல் ஆசிரியராக்கிவிடுவது நம் நோக்கமன்று. ஆனாலும் அணை கட்டப்பட்ட ஆறுகளைப் பற்றி அறிவியல் அறிஞர்கள் கடந்த சில பத்தாண்டுகளில் கண்டறிந்தவற்றைப் படிக்கும்போது இவ்விரு வசனங்களும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. ஆறு என்றதும் நாம் தண்ணீரைத்தான் எண்ணுகிறோம். மீனுக்கோ தண்ணீரோடு தரையும் வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள வட அமெரிக்காவின் வடமேற்குப் பகுதிக்குச் செல்வோம். அங்கே கனடாவின் மலைகளில் பிறந்து, அமெரிக்க ஐக்கிய நாட்டின் வழியாகப் பசிபிக் பெருங்கடலில் கலக்கும் கொலம்பியா ஆற்றில், 20-ஆம் நூற்றாண்டில் அணைமேல் அணையாகக் கட்டப்பட்டது. திருச்சபைக்கும் இந்த ஆற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2001-ஆம் ஆண்டு சனவரியில் அப்பகுதியின் கத்தோலிக்க ஆயர்கள், அமெரிக்கரும் கனடியருமாக, கொலம்பியா ஆற்று வடிநிலத்தைப் பற்றியே ஒரு மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டார்கள். படைப்பைப் பேணுவதும் பொதுநலமும்தான் அதன் பொருள். ஓர் ஆற்றுக்காக இரு நாட்டு ஆயர்கள் சேர்ந்து மடல் எழுதியது அன்று பலருக்குப் புதுமையாக இருந்திருக்கும். திருத்தந்தை பிரான்சிஸ் ‘லவுதாத்தோ சி’ திருமடலை வெளியிட்டதோ அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 2015-இல்.

முதலில் சால்மன் மீனைப் பார்ப்போம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் மீன் இது. திரும்பி வந்த பெண் சால்மன் முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவதில்லை. பக்கவாட்டில் சாய்ந்து வாலால் ஆற்றடியை ஓங்கி ஓங்கி அடித்து, சரளைக்கற்களைக் கிளப்பிக் குழி பறிக்கிறது. குழியில் முட்டைகளை இட்டு, ஆண் மீன் அவற்றின்மேல் விந்து பாய்ச்சியதும், சற்று மேலே மீண்டும் அடித்து அந்தக் கற்களால் குழியை மூடுகிறது. இலையுதிர் காலத்தில் இப்படிப் புதைக்கப்பட்ட முட்டைகள் குளிர்காலம் முழுவதும் கற்களுக்கடியில் கிடக்கின்றன. பொரித்த குஞ்சுகளும் வயிற்றில் ஒட்டிய மஞ்சள் கருவை உண்டபடி, வசந்தம் வரை அங்கேயே இருக்கின்றன.

இத்தனை மாதங்களும் அவை எப்படி மூச்சு விடுகின்றன? கற்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாக ஆற்றுநீர் ஓடிக்கொண்டே இருப்பதால்தான். ஏறத்தாழ நெல்லிக்காய் அளவிலிருந்து மாங்காய் அளவு வரையிலான கற்கள் கலந்து கிடந்தால் நீர் உள்ளே நுழைந்து வெளியேறும், முட்டைக்கு உயிர்வளி கிடைக்கும். நுண்மணலும் வண்டலும் அந்தச் சந்துகளை அடைத்துவிட்டால், மேலே எவ்வளவு தெளிந்த நீர் ஓடினாலும் கீழே முட்டை மூச்சுத் திணறிச் சாகும். கற்கள் மிகப் பெரியனவாக இருந்தாலோ மீனால் அவற்றை அசைக்கவே முடியாது. அதற்கு முட்டையிட இடமில்லை.

சரளைக்கல்தான் நல்ல தரை என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. அதே ஆறுகளில் பசிபிக் லாம்ப்ரே என்ற மீன் உண்டு. தாடையே இல்லாத, விலாங்கு போன்ற உடல்கொண்ட, மிகப் பழைய உயிரினம் அது. கொலம்பியாவின் பழங்குடி மக்களுக்கு அது முதன்மையான உணவுகளில் ஒன்று. அதுவும் சரளைக்கல்லில்தான் முட்டையிடுகிறது. ஆனால் அதன் இளம்பருவம் மென்மையான வண்டலுக்குள் புதைந்து, நீரில் மிதந்து வரும் நுண்ணுணவை வடிகட்டித் தின்றபடி பல ஆண்டுகள் அங்கேயே வாழ்கிறது. சால்மன் முட்டையைக் கொல்லும் வண்டல் லாம்ப்ரே குஞ்சுக்கு வீடு! ஸ்கல்பின் எனப்படும் சிறுமீனோ பெரிய கல்லின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டிவைக்கும், ஆண் மீன் காவல் இருக்கும். இம்மீன்களுக்கெல்லாம் இரையாகும் பூச்சிகளின் புழுக்களும் கற்களின் சந்துகளில்தான் வளர்கின்றன. ஆகவே ஓர் ஆற்றில் பலவகை மீன்கள் வாழ வேண்டுமானால், வேகமான இடத்தில் சரளை, வளைவின் உட்புறத்தில் மணல், ஒதுங்கிய மூலையில் வண்டல், மடுவில் பாறை என்று தரையும் பலவகையாக இருக்க வேண்டும். வெள்ளம் ஆண்டுதோறும் வந்து புரட்டிப் போட்டுத்தான் இந்தக் கலவை உண்டாகிறது.

அணை இந்தக் கலவையைக் குலைக்கிறது. மலையிலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வரும் கல்லும் மணலும் நீர்த்தேக்கத்தில் தங்கிவிடுகின்றன. அணையைத் தாண்டி வெளியேறும் தண்ணீர் சுமையற்றது. ஆற்றியல் அறிஞர்கள் அதைப் ‘பசித்த தண்ணீர்’ என்கிறார்கள். அந்தத் தண்ணீர் அணைக்குக் கீழே உள்ள சிறு கற்களையும் மணலையும் அரித்து எடுத்துக்கொண்டு போகிறது, மேலிருந்து ஈடு செய்ய எதுவும் வருவதில்லை. நாளடைவில் அசைக்க முடியாத பெருங்கற்கள் மட்டும் தளம் போட்டதுபோல் எஞ்சுகின்றன. இன்னும் கீழே போனால் இதற்கு நேர்மாறான கேடு. வசந்த கால வெள்ளத்தை அணை பிடித்து வைத்துக்கொள்வதால், கற்களின் இடுக்குகளைக் கழுவிவிடும் வேகம் ஆற்றுக்கு இல்லாமற்போகிறது. துணையாறுகள் கொண்டுவரும் மணலும் வண்டலும் அங்கேயே படிந்து கற்களை மூடுகின்றன.

மீன்கள் அணையைக் கடப்பதற்குப் படிப்படியாக நீர்த்தொட்டிகள் அமைத்து ‘மீன் ஏணி’ கட்டுவார்கள். கொலம்பியாவின் கீழ்ப்பகுதியில் 1938-இல் இயங்கத் தொடங்கிய பொன்னவில் அணையிலும் இவ்வகை ஏணி உண்டு. ஏணி இருந்தால் மீன் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. ஆனால் ஏணி என்பது வழி, வீடன்று. ஏணியில் ஏறிச் சென்ற சால்மனுக்கு அங்கே பழைய சரளைத் திட்டு, பல மீட்டர் ஆழத்தில், அசையாத நீருக்கு அடியில் கிடந்தால் என்ன பயன்?

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இன்று பொன்னவில் ஏணியில் பெருங்கூட்டமாக ஏறும் மீன்களுள் ஒன்று அமெரிக்க ஷாட், நம் உல்லம் மீனுக்குத் தூரத்து உறவு. அது அந்த ஆற்றின் மீனே அன்று. 1871-இல் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின் வடக்கே பரவியது. அது எப்படிப் பெருகியது? அதன் முட்டைகள் நீரோட்டத்தோடு மிதந்து செல்லக்கூடியவை, சரளைக்கல்லை நம்பியிருப்பவை அல்ல. நீர்த்தேக்கங்களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வாலை, சிறுவாய் பாஸ் போன்ற மீன்களும் செழிக்கின்றன. எனவே மீன்களின் தொகையையோ வகைகளின் எண்ணிக்கையையோ மட்டும் பார்த்து, ஆறு நலமாக உள்ளது என்று சொல்லிவிட முடியாது. எந்த மீன் போயிற்று, எது வந்தது என்றும் கேட்க வேண்டும்.

கொலம்பியாவின் முதன்மை ஆற்றில் பழைய தரை பெருமளவு மிஞ்சியிருக்கும் இடம் ஹேன்ஃபோர்டு பகுதி. பிரீஸ்ட் ரேப்பிட்ஸ் அணைக்குக் கீழே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் ஆறு அங்கே தேக்கமின்றி ஓடுகிறது. இலையுதிர் காலச் சினூக் சால்மன் இன்றும் பெருங்கூட்டமாக அங்கே முட்டையிடுகிறது. அந்தப் பகுதி தப்பியதன் காரணம் வியப்பானது. 1943 முதல் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்க அக்கரை நிலம் மூடப்பட்டுவிட்டது. நாகசாகியில் வீழ்ந்த குண்டின் புளூட்டோனியம் அங்கிருந்துதான் வந்தது. ஜப்பானின் மிகப் பழைய கத்தோலிக்கச் சமூகங்களுள் ஒன்றை அழித்த அந்த ஆலையின் வேலி, ஒரு மீனின் தரையைக் காத்திருக்கிறது. இதை எப்படிப் பொருள்கொள்வது என்று நமக்குத் தெரியவில்லை. அதை அப்படியே சொல்லிவிட்டுக் கடந்து செல்கிறோம்.

அங்கும் மேலேயுள்ள அணைகளின் தொல்லை இருந்தது. மின்தேவைக்கேற்ப நீரைக் கூட்டியும் குறைத்தும் விடும்போது, உயரமான திட்டுகளில் இட்ட முட்டைகள் நீரின்றிக் காய்ந்தன. 1988-இல் ஏற்பட்ட வெர்னிட்டா திட்டு உடன்பாடு இதற்கு ஒரு வழி கண்டது. சினூக் பெரும்பாலும் பகலில்தான் முட்டையிடும். ஆகவே முட்டையிடும் வாரங்களில் பகலில் குறைவாகவும் இரவில் மிகுதியாகவும் நீர் விடுகிறார்கள். மீன் தாழ்வான தரையிலேயே குழி பறிக்கும். பிறகு குஞ்சுகள் வெளிவரும் வரை அந்த மட்டத்துக்குக் கீழே நீர் இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அணையை இடிக்காமலேயே செய்த இந்த ஏற்பாட்டை நாம் பாராட்டுகிறோம். மீனின் பழக்கத்தை மின்நிலையம் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

அணையையே அகற்றிய ஆறும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் மலைகளிலிருந்து இறங்கி நேரே கடலில் கலக்கும் எல்வா என்ற சிறிய ஆற்றில், 1913-இலும் 1927-இலும் இரண்டு அணைகள் கட்டி முடிக்கப்பட்டன. இரண்டிலும் மீன் ஏணி இல்லை. கடலிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் சால்மனின் வழி அடைபட்டது. கரையில் வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் மீனை இழந்தார்கள். மனிதன் படைக்கப்பட்ட இடம் என்று அவர்களின் முன்னோர் சொல்லிவந்த பாறையும் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. 1992-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2011 செப்டம்பரில் இடிப்பு தொடங்கி, 2014 ஆகஸ்டில் முடிந்தது. நீர் வடிந்தபின் அந்தப் பாறை மீண்டும் வெளிப்பட்டது.

இரு அணைகளுக்கும் பின்னால் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் கனமீட்டர் மண்ணும் மணலும் கல்லும் தேங்கியிருந்தன. முதல் ஐந்தாண்டுகளில் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஆறு அடித்துக்கொண்டு போயிற்று. அந்நாள்களில் தண்ணீர் குழம்பாக ஓடியது, மீன்களுக்கு அது கடினமான காலம். ஆனால் நூறாண்டுகளாகப் பெருங்கல்லாய்க் கிடந்த கீழ்ப்பகுதியில் சரளையும் மணலும் திரும்பிப் படிந்தன. அரிக்கப்பட்டு வந்த முகத்துவாரத்தில் மணல் திட்டுகள் புதிதாக எழுந்தன. சினூக், கோஹோ சால்மன்கள் பழைய அணைகளின் இடத்தைக் கடந்து மேலே சென்றன, லாம்ப்ரேயும் திரும்பியது. 2023 இலையுதிர் காலத்தில், அணை நீங்கிய எல்வாவில் முதன்முறையாகக் கிளாலம் மக்கள் தங்கள் வழக்கப்படி கோஹோ மீன் பிடித்தார்கள்.

எல்லா அணைகளையும் இடித்துவிடலாமா என்று கேட்டால், நாம் அப்படிச் சொல்லமாட்டோம். 1948 மே மாதம் கொலம்பியாவில் பெருகிய வெள்ளம் வான்போர்ட் என்ற நகரை ஒரே நாளில் அழித்தது. ஏழைத் தொழிலாளர்கள், குறிப்பாகக் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த நகரம் அது. அந்த நினைவும் சேர்ந்துதான் 1960-களில் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் செய்து மேலும் அணைகள் எழுப்பின. அவற்றுள் ஒன்றின் கதை இன்னும் முடியவில்லை.

கூட்டெனே ஆறு கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் மொன்டானா, ஐடஹோ மாநிலங்களைத் தொட்டு வளைந்து, மீண்டும் கனடாவுக்குள் புகுந்து கொலம்பியாவில் சேர்கிறது. திருச்சபைக் கணக்கில் நெல்சன், ஹெலினா, பாய்சி ஆகிய மூன்று மறைமாவட்டங்களின் ஆறு அது. பனியூழிக் காலத்தின் முடிவிலிருந்து, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளாக, அருவிகளால் பிற மீன்களிடமிருந்து பிரிக்கப்பட்டு அங்கே ஒரு வெள்ளை ஸ்டர்ஜன் கூட்டம் வாழ்கிறது. வெள்ளை ஸ்டர்ஜன் வட அமெரிக்காவின் மிகப் பெரிய நன்னீர் மீன், நூறாண்டு கூட வாழக்கூடியது. கூட்டெனேயில் பெண் மீன் முதல் முட்டையிட ஏறக்குறைய 30 வயதாக வேண்டும். அதன்பின்னும் ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை.

1970-களின் தொடக்கத்தில் மொன்டானாவில் லிபி அணை எழுந்தது. 1974-க்குப் பிறகு இந்த ஸ்டர்ஜன் கூட்டத்தில் இயற்கையாகப் பிறந்து பிழைத்த இளமீன்கள் மிக மிக அரிது. ஆனால் இது உடனே யார் கண்ணிலும் உறைக்கவில்லை. ஆற்றில் பெரிய மீன்கள் இருந்துகொண்டே இருந்தன, அவை முட்டையும் இட்டன. பேரப்பிள்ளைகளே இல்லாமல் மூத்தோர் மட்டும் வாழும் ஊரைப்போல, வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. 1994-இல்தான் இது அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது.

முட்டையிட்டும் ஏன் குஞ்சு இல்லை? பதில் தரையில் இருந்தது. ஸ்டர்ஜனின் முட்டை பசைபோல் ஒட்டும் தன்மையுடையது. கூழாங்கல்லில் விழுந்தால் அதைப் பற்றிக்கொண்டு பொரிக்கும், குஞ்சும் கல்லிடுக்கில் ஒளிந்து வளரும். ஆனால் ஐடஹோவில் பானர்ஸ் பெர்ரி என்ற ஊருக்குக் கீழே, இந்த மீன்கள் முட்டையிடும் வளைவான பகுதியில், தரை பெரும்பாலும் மணல். முட்டை மணற்பருக்களைப் பூசிக்கொண்டு உருள்கிறது, அல்லது நகரும் மணலில் புதைந்து மூச்சடைத்துப் போகிறது. கல்தரை உள்ள பகுதி அதே ஊருக்கு மேலே இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் மீன்கள் அங்கே போவது அரிது. முன்பு ஆண்டுதோறும் வந்த பெருவெள்ளமும் நீரின் ஆழமும் வெப்பமும் மாறியதே காரணம் என்று கருதுகிறார்கள். அணைக்கு முன்பே கரையோரம் விவசாயத்துக்காக எழுப்பிய மண்கரைகளும், நீர்த்தேக்கம் பிடித்து வைத்துக்கொண்ட பாஸ்பரஸ் சத்தும் வேறு சேர்ந்துகொண்டன. பழியை அணையின்மேல் மட்டும் போடுவது சரியாகாது.

இங்கே நம் மனத்தைத் தொடுவது ஐடஹோவின் கூட்டெனே பழங்குடியினரின் செயல். சில நூறு பேரே கொண்ட சிறிய சமூகம் அது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, ஆற்றிலிருந்து தாய்மீன்களைப் பிடித்து, முட்டை எடுத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடத் தொடங்கினார்கள். அது இல்லாதிருந்தால் அங்கே இன்று இளம் ஸ்டர்ஜன் என்பதே இராது. அதே ஆற்றில் மறைந்துகொண்டிருந்த பர்பாட் என்ற மீனையும் அரசு அலுவலர்களோடும் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து வளர்த்தார்கள். 1992-இல் தடை செய்யப்பட்ட பர்பாட் பிடிப்பு 2019 சனவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

ஆனால் பொரிப்பகம் ஆற்றுத்தரைக்கு மாற்றாகாது என்பதை அம்மக்களே நன்கு அறிவார்கள். ஆகவே லிபி அணையிலிருந்து வசந்த காலத்தில் ஸ்டர்ஜனுக்கென்றே கூடுதல் நீர் விடப்படுகிறது. ஆற்றில் உரச்சத்து கலக்கப்படுகிறது. பழங்குடியினரின் முயற்சியால் மடுக்கள் ஆழப்படுத்தப்படுகின்றன, கரைகள் சீரமைக்கப்படுகின்றன. 2014-இல் மீன்கள் முட்டையிடும் மணற்பகுதியில் இரண்டு இடங்களில் கற்களைக் கொண்டுபோய் ஆற்றடியில் பரப்பியும் பார்த்தார்கள். ஆற்றிலிருந்து மணலை அள்ளும் செய்தியையே கேட்டுப் பழகிய நமக்கு, ஆற்றுக்குள் கல்லைக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஒரு மீனின் குஞ்சு ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமே என்பதற்காகச் செய்த வேலை அது.

இயற்கையான பிறப்பு இன்னும் போதிய அளவில் திரும்பவில்லை. பழைய காட்டு மீன்கள் ஆண்டுதோறும் மூப்பில் குறைந்துகொண்டே வருகின்றன. 1990-களில் பொரிப்பகத்திலிருந்து ஆற்றில் விடப்பட்ட முதல் குஞ்சுகளுக்கு இப்போது வயது முப்பதைத் தாண்டுகிறது. பெண் மீன்கள் முட்டையிடும் பருவத்தை எட்டும் ஆண்டுகள் இவை. அவை பானர்ஸ் பெர்ரிக்குக் கீழே மணலில் முட்டையிடுமா, மேலே கல்தரைக்குச் செல்லுமா என்று ஒவ்வொரு வசந்தத்திலும் ஆற்றோரம் கருவிகளோடு காத்திருந்து பார்க்கிறார்கள்.